தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் கூடாது

2021இலிருந்து மூன்று வருடம், நவம்பர் முதல் கிழமை பிறந்தால் லண்டனிலிருந்து தங்கச்சியின் குரல்பதிவு வட்ஸ்அப்பில் வந்துவிடும். பின்னால் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்கும். "அக்கா, இந்தமுறை கிழங்கைத் தோண்டட்டோ, அப்பிடியே விடட்டோ?"

அவள் கேட்பது கல்வாழைக் கிழங்கை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற நான், உறைபனி விழுந்த மண்ணை ஒருநாளும் மிதித்திராத நான், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருடமும் நான் சொன்னது பிழையாகிப் போனது. மூன்றாவது வருடம்தான் விஷயம் பிடிபட்டது. லண்டன் குளிரை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தால் அது பிடிபட்டிருக்காது. எங்கள் ஊர்க் கிணற்றடி, நுவரெலியாவில் கண்ட ஒரு தோட்டக்காரர், இந்த ஒழுங்கையில் ஓடுகிற மழைநீர்க் கான், எல்லாம் சேர்ந்துதான் எனக்குப் பாடம் எடுத்தன. இதை ஒருதரம் முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று கனநாளாக மனதில் கிடந்தது.

எங்கள் கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு மண்துண்டு இருக்கிறது. சீமெந்து போடாமல் விடுபட்ட ஒரே இடம் அதுதான். அதை ஒட்டினாற்போல் கான். பின்னேரம் கடற்காற்று நேரே உள்ளே வரும். அங்கேதான் என் கல்வாழை நிற்கிறது. பச்சை இலை, சிவப்புப் பூ, என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். கடையில் விற்கிற புதுவகைகளைப் போல உள்ளங்கை அகலப் பூ இல்லை. ஒடுங்கிய பழைய இனம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

அது அம்மா கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றடி என்றால் வாழையோ கல்வாழையோ கட்டாயம் நிற்கும். குளிக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடி அவற்றின் அடியில்தான் போய் முடியும். 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து ஊரே எழும்பிப் போனபோது நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தோம். 2002 ஏப்ரலில், யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி திறந்தது. அம்மா ஆவணி மாதம் வீட்டைப் பார்க்கப் போனார். கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, கிணற்றுக்குள் குப்பை. சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம், மழை விழுந்து மாதக்கணக்காகியிருக்கும். கிணற்றடிக் கல்வாழை சருகாகக் கிடந்ததாம். ஏழு வருடமாகக் கிட்டத்தட்ட ஒருவரும் அந்தக் கிணற்றில் குளிக்கவில்லை, அதற்கு ஒரு வாளி தண்ணீர் விழவில்லை. அம்மா அந்தச் சருகைக் காலால் ஒதுக்கிவிட்டு அலவாங்கைப் போட்டுக் கிளப்பினார். உள்ளே கிழங்கு சுருங்கி, ஆனால் கல் மாதிரி இறுக்கமாக, ஓரத்தில் இளஞ்சிவப்பு முளைகளோடு கிடந்தது. பேப்பரில் சுற்றி, கொழும்பு வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நட்ட மூன்றாம் கிழமை சுருட்டு மாதிரி முதல் இலை வந்தது.

அந்தச் சருகும் கிழங்கும்தான் இந்தக் கதையின் திறப்பு. ஆனால் அது என் கையில் இருந்தது எனக்கே இருபது வருடம் தெரியாது.

சரி, கல்வாழை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலியோரத்தில் நிற்கிறதென்று பலர் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வாழை, இஞ்சி, மஞ்சள் எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குள் தனக்கென்று ஒரு குடும்பம் வைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் கன்னா என்ற ஒரே பேரினம்தான். லின்னேயஸ் 1753இல் இதற்குக் கன்னா இண்டிகா என்று பெயர் வைத்தார். பெயரைப் பார்த்து இந்தியச் செடி என்று நினைக்கக்கூடாது. அந்த 'இண்டிகா' மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம். இதன் சொந்த மண் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பாகங்கள். அங்கிருந்து கப்பலேறி உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஒரு பூவைப் பறித்து மேசையில் வைத்துப் பிரித்துப் பாருங்கள். நாங்கள் இதழ் என்று ரசிப்பது இதழே இல்லை. மகரந்தம் சுமக்க வேண்டிய கேசரங்கள் தட்டையாகி, நிறம் பூசி, இதழ் வேலை பார்க்கின்றன. உண்மையான இதழ்கள் மூன்றும் அடியில் ஒடுங்கி, கூராக, யாரும் கவனிக்காமல் நிற்கும். மகரந்தம் இருப்பது ஒரே ஒரு கேசரத்தில், அதிலும் ஒரு பாதியில் மட்டும். மற்றப் பாதி அதுவும் இதழாகிவிட்டது. நான் இதை முதன்முதலில் ஒரு ஊசியை வைத்துப் பிரித்துப் பார்த்த அன்று, சோற்றை அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டேன்.

பிறகு காய். பச்சை நிறத்தில், மேலெல்லாம் சொரசொரவென்று முள்போலப் புடைப்புகள். காய்ந்து வெடித்தால் உள்ளே கன்னங்கரேலென்று உருண்டை விதைகள். கல் மாதிரி விதை இருப்பதால்தான் கல்வாழை என்று அம்மா சொல்வார். தண்ணீரில் அப்படியே போட்டால் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. மண்தாளில் தேய்த்து, கறுப்புத் தோலுக்குள் வெள்ளை ஒரு புள்ளியாகத் தெரிந்தவுடன் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டால் வீங்கும். ஆர்ஜென்டினாவில் ஒரு பழைய புதைகுழியில் கிலுகிலுப்பை ஒன்று கிடைத்தது. வால்நட் ஓட்டுக்குள் கல்வாழை விதையை அடைத்துச் செய்த கிலுகிலுப்பை. அதிலிருந்த ஒரு விதை முளைத்தது. வயது கணித்துப் பார்த்தால் ஏறத்தாழ 600 வருடம்! எனக்கு இந்தச் செடியில் இருக்கிற மரியாதைக்கு அந்த ஒரு விதை போதும். காத்திருக்கத் தெரிந்த செடி இது. கிழங்கும் அப்படித்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதற்கு வருகிறேன்.

கொழும்பில் இதற்குக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. எங்கள் குளிர்காலம் என்பது மார்கழியும் தையும்தான். திருவெம்பாவைக்கு விடியற்காலையில் கோயில் மணி கேட்கிற நேரம் விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வோம். அப்போதும் 22 பாகைக்குக் கீழே போவது குறைவு. பகல் நேரம் வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணித்தியாலம். ஆகவே என் கல்வாழை பன்னிரண்டு மாதமும் இலை விடும், பூக்கும், கிழங்கு வைக்கும். ஒரு தண்டு பூத்து முடிந்ததும் வாழையைப் போல அதன் வேலை முடிந்தது; அடியோடு வெட்டிவிட வேண்டும், பக்கத்துக் குருத்துக்கு இடம் கிடைக்கும். வருடத்துக்கு ஒருதரம் கிழங்கைக் கிளப்பிப் பிரிக்காவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவில் செத்து, ஓரத்தில் மட்டும் பூக்கும். மீன் கழுவின தண்ணீரை நான் வேறெந்தச் செடிக்கும் கொடுப்பதில்லை.

இன்னொன்று. ஒக்டோபர், நவம்பர் மழைக்கு எங்கள் கான் நிரம்பி இந்த மண்துண்டுக்குள் ஏறும். மூன்று நாள், நாலு நாள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். கறிவேப்பிலை அழுகிச் செத்தது, தூதுவளை செத்தது. கல்வாழை மட்டும் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு குருத்து விடும். ஆச்சரியமில்லை, கழிவுநீரைச் சுத்தம் செய்ய அமைக்கிற செயற்கைச் சதுப்புகளில் விரும்பி நடுகிற செடிகளில் இதுவும் ஒன்று. இந்தக் காட்சி என் மனதில் ஒரு பிழையான எண்ணத்தை ஊன்றிவிட்டது: கல்வாழைக்குத் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் ஒன்றும் ஆகாது என்று.

தங்கச்சி லண்டனின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறாள். பின்வளவு சின்னது, களிமண். 2020 முடக்கத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது தோட்டத்தில் ஆசை வந்தது. அம்மாவின் கல்வாழையில் ஒரு துண்டு அனுப்பச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். நான் மறுத்துவிட்டேன். நடுகைக்கான கிழங்கைச் சான்றிதழ் இல்லாமல் இங்கிலாந்துக்குள் கொண்டுபோக முடியாது, பயணப்பைக்குள் ஒளித்தும் கொண்டுபோகக்கூடாது. சட்டத்தை விட எனக்குப் பெரிய பயம் நச்சுயிரி. கல்வாழையில் இலைநரம்போடு மஞ்சள் கோடு கோடாக ஓடுகிற நோய்கள் இருக்கின்றன. மருந்து கிடையாது, கிழங்கோடு சேர்ந்தே ஊர் ஊராகப் பரவுகின்றன. வெளியில் நன்றாகத் தெரிகிற செடியிலும் உள்ளே இருக்கலாம். அம்மாவின் கிழங்கு போய் வேறொருவரின் தோட்டத்தைக் கெடுத்தது என்று இருக்கக்கூடாது. அவள் இரண்டு நாள் கதைக்கவில்லை. அப்புறம் 2021 வசந்தத்தில் அங்கேயே ஒரு கடையில் கிழங்கு வாங்கினாள். சிவப்பு என்று பெட்டியில் போட்டிருந்தது, செம்மஞ்சளாகப் பூத்தது. பரவாயில்லை, அழகாகவே இருந்தது.

அந்த நவம்பரில் முதல் குரல்பதிவு. நான் சொன்னேன், தோண்டி எடு, மண்ணைத் தட்டு, இஞ்சி வைப்பதுபோலக் காயவைத்து உள்ளே வை. அவள் சூடாக்கிப் பெட்டிக்குப் பக்கத்து அலுமாரியில் பேப்பரில் சுற்றி வைத்தாள். மார்ச்சில் எடுத்தபோது காய்ந்த இஞ்சித்துண்டு போல எடையே இல்லாமல் இருந்தது. தோண்டி வைக்கிறவர்கள் காயவைப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சற்றே ஈரமான தென்னந் தும்புத்தூளிலோ மண்ணிலோ புதைத்து, குளிரான, ஆனால் உறையாத இடத்தில் வைப்பார்கள். மாதம் ஒருதரம் தொட்டுப் பார்ப்பார்கள்.

2022இல் மறுபடி வாங்கினாள், இந்தமுறை இரண்டு. ஒன்றைப் புல்தரையின் நடுவில், மற்றதைச் சமையலறைச் சுவரோரமாக நட்டாள். அந்தக் கோடையை மறக்க முடியாது. ஜூலை 19ஆம் தேதி ஹீத்ரோவில் 40.2 பாகை. கொழும்பில் இத்தனை வருடத்தில் நான் 40ஐப் பார்த்ததில்லை. புல் எல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது, கல்வாழை மட்டும் வீட்டு யன்னலை மறைத்து எழும்பியது. தங்கச்சி அனுப்பிய படத்தில் அவளுடைய மகன் இலைக்குக் கீழே நின்று சிரிக்கிறான்.

இங்கே அப்போது வேறு நிலைமை. காஸ் இல்லை, பெற்றோலுக்கு வரிசை. ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று சொன்னார்கள். நான் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அந்த நாலடி மண்துண்டில் மரவள்ளி நடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. கல்வாழையைக் கிளப்ப வேண்டும். மேல்மாடியில் இருக்கிற சிங்கள அம்மா, குருநாகல் பக்கத்து ஊர்க்காரர், மண்வெட்டியோடு நான் நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "ஐயோ, புத்சரணவை ஏன் வெட்டுகிறீர்கள், அதுவே கிழங்குதானே" என்றார். அவருடைய ஊரில் அவித்துத் தேங்காய்ப்பூவோடு சாப்பிடுவார்களாம். அன்றைக்கு விறகு அடுப்பில் ஒரு சட்டி அவித்தோம். பிஞ்சுத் துண்டுகள் மாவாக, லேசான இனிப்போடு இருந்தன, முற்றினவை நார். தென் அமெரிக்காவின் அந்திஸ் மலைக்காரர்களின் பழைய உணவு இது, அங்கே அச்சிரா என்பார்கள். வியட்நாமில் இதன் மாவில் கண்ணாடி போன்ற நூடில்ஸ் செய்கிறார்கள். மரவள்ளியை மதிலின் மற்ற மூலையில் நட்டோம். கல்வாழை தப்பியது.

நவம்பரில் இரண்டாவது குரல்பதிவு. காயவைத்துக் கெடுத்த பயத்தில் நான் எதிர்ப்பக்கம் போனேன். தோண்டாதே, அங்கே குளிர் பெரிதில்லை என்று நீதானே சொல்கிறாய், அப்படியே விடு என்றேன். லண்டன் அப்படியொரு கடுங்குளிர் ஊர் இல்லைதான். நகரத்தின் சூடு, சுவர்களின் சூடு எல்லாம் சேர்ந்து சுற்றுப்புறத்தை விட வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் அந்த டிசம்பரில் ஒரு கிழமைக்கு மேல் குளிர் இறங்கியது. 11ஆம் தேதி இரவு நகரத்திலேயே பனி கொட்டியது. மறுநாள் காலைப் படம்: இலையெல்லாம் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்குகிறது. இலைக்குள் இருக்கிற நீர் பனிக்கட்டியாகி உள்ளே கிழித்துவிடும்; வெயில் பட்டு உருகியதும் கறுத்துப்போகும். அதற்கு நான் பயப்படவில்லை. மண்ணுக்குள் அவ்வளவு குளிர் இறங்காது, லண்டனில் மேல் சில அங்குலம் உறைந்தாலே அதிகம்.

மே மாதம் தோண்டிப் பார்த்தாள். புல்தரை நடுவில் நட்டது கூழ். விரல் வைத்தால் உள்ளே போகிறது, நாற்றம். ஆனால் சமையலறைச் சுவரோரம் நட்டதில் ஜூன் முதல் கிழமை ஒரு சிவப்பு நுனி எட்டிப் பார்த்தது.

ஒரே கடை, ஒரே பெட்டி, ஒரே குளிர், நடுவில் பத்தடி தூரம். ஒன்று கூழ், ஒன்று குருத்து. அன்றிரவு நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம். சுவர் கொடுத்த சூடு என்று தங்கச்சி சொன்னாள். இருக்கலாம். ஆனால் நான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரத்து மண் வெளிர் நிறத்தில் இருந்தது. கூரைத் தாழ்வாரம் நீண்டு அதன்மேல் மழை விழாமல் தடுத்திருந்தது. புல்தரை நடுவோ சப்பாத்து புதைகிற சேறு.

அதற்கு முந்தின தையில் நாங்கள் குடும்பமாக நுவரெலியா போயிருந்தோம். 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் விடியற்காலையில் அங்கே புல்லின்மேல் உறைபனி விழுகிற நாட்கள் உண்டு. நாங்கள் தங்கின இடத்தில் கல்வாழைப் பாத்தி இருந்தது. தோட்டக்காரர் மலையகத்துப் பெரியவர். குளிருக்கு இது சாகாதா என்று கேட்டேன்.

"மேல கருகிப் போகும்ங்க. அடியில கெழங்கு இருக்குல்ல. கருகுனத வெட்டாம அப்படியே அது மேலயே மடிச்சுப் போட்டுருவோம். வெயில் வந்ததும் கெளம்பிரும்."

அப்போது அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்தப் படங்களைப் பார்த்த இரவுதான் அவர் பேச்சு திரும்பி வந்தது, கூடவே ஒரு கேள்வி. நுவரெலியாவில் உறைபனி எப்போது விழுகிறது? வானம் துப்புரவாக, மேகம் இல்லாமல், காற்று இல்லாமல் இருக்கிற இரவுகளில். தையும் மாசியும் அங்கே மழை குறைந்த மாதங்கள். விடிந்தால் நல்ல வெயில். மழை கொட்டுகிற ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் உறைபனி இல்லை. குளிர் வரும்போது மண் காய்ந்திருக்கிறது. மண் நனையும்போது செடி விழித்திருக்கிறது.

அடுத்து அம்மாவின் கிணற்றடி. அங்கே கல்வாழையைத் தூங்கவைத்தது வறட்சி. மழையில்லாத மாதங்களில் இலையைக் கைவிட்டுவிட்டுக் காய்ந்த மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்தது. ஐப்பசியில் மாரி தொடங்கியதும் எழும்பியது. ஏழு வருடம் அப்படியே. தூக்கமும் ஈரமும் அங்கேயும் சேர்ந்து வரவில்லை.

கொழும்பில் என் மண்துண்டு? ஈரம் இருக்கிறது, தூக்கம் இல்லை. கொழும்புக்கு வருடத்தில் ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை, லண்டனுக்கு 600 அளவில்தான். நாலில் ஒரு பங்கு மழை பெய்கிற ஊரில் கிழங்கு அழுகுகிறது, இங்கே தண்ணீரில் நின்று பூக்கிறது. காரணம் இலை. ஒவ்வொரு இலையும் முழங்கை நீளம். வெயில் பட்டதும் கிழங்குக்கடியில் நிற்கிற தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கி அனுப்பிவிடும். வேர் புதிதாக ஓடிக்கொண்டே இருக்கும், காயம் பட்ட இடம் ஆறிவிடும். லண்டனில் டிசம்பரில் இலை கருகியபிறகு உறிஞ்ச ஆள் இல்லை. ஆவியாக வெயிலும் இல்லை. களிமண்ணின் துளைகளெல்லாம் நீரால் அடைபட்டு, காற்று இல்லாமல், 4, 5 பாகைத் தண்ணீரில் கிழங்கு மாதக்கணக்காகக் கிடக்கிறது. குளிரில் அதனால் ஒரு கீறலைக்கூட மூடிக்கொள்ள முடியாது. அழுகல் உள்ளே போகிறது.

ஆக மிதமான குளிர்காலம் என்று சொல்கிற ஊர்களில் கல்வாழையை வெளியில் விடுகிறவர் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பாதிப் பயன்தான். கிழங்குக்கு மேல் எவ்வளவு மழை விழுகிறது, விழுந்தது எங்கே வடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மண் ஆழமாக உறைந்துபோகிற ஊர் என்றால் பேச்சே இல்லை, தோண்டி எடுத்து உள்ளே வைக்கத்தான் வேண்டும்.

2023 நவம்பரில் மூன்றாவது குரல்பதிவு வந்தபோது நான் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் இருந்தேன். ஏற்கனவே செப்டெம்பரில் சொல்லியிருந்தபடி அவள் சுவரோரத்தில் மண்ணை ஒரு முழம் உயர்த்தி, பருமணலும் சிறுகல்லும் கலந்து மேடு கட்டியிருந்தாள். கிழங்கு அரையடி ஆழத்தில். முதல் உறைபனி இலையைக் கறுக்க வைக்கும்வரைக்கும் தொடாதே என்றேன், அதுவரை இலை சேர்க்கிற மாவு கிழங்குக்குப் போய்க்கொண்டிருக்கும். கறுத்த பிறகும் தரையோடு வெட்டாதே. கல்வாழைத் தண்டு என்பது இலையடிகள் சுருண்டு நிற்பது, தாழ வெட்டினால் கிண்ணம் மாதிரி மழையை ஏந்திக் கிழங்குக்குள் இறக்கும். ஒரு சாண் விட்டு வெட்டு. வெட்டிய இலையை, நுவரெலியாப் பெரியவர் சொன்னதுபோல, மேலேயே மடித்துப் போடு. அதன்மேல் வைக்கோலோ மரப்பட்டையோ அரையடி. பொலித்தீன் போட்டு இறுக்கிக் கட்டாதே, உள்ளே வியர்த்து அதுவே அழுகலாகும். மழை வடிய மேலே சாய்வாக ஏதாவது வை, பக்கங்களில் காற்று போகட்டும்.

அவள் கூரை திருத்தினபோது மிஞ்சின ஓடுகள் கொட்டிலில் கிடந்தன. அவற்றை இரண்டு கல்லின்மேல் சாய்த்து வைத்தாள். மூடாக்குக்கு வைக்கோல் கிடைக்கவில்லை என்று தோட்டக் கடையில் ஒரு தும்புத்தூள் கட்டி வாங்கி வந்திருந்தாள். அதன் உறையில் இலங்கை என்று அச்சடித்திருந்தது. படம் எடுத்து அனுப்பி, "அம்மாட கிழங்கு வரேல்லை, எங்கட தும்பாவது வந்திட்டுது" என்று எழுதியிருந்தாள். நான் அதைப் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனாலும் தும்புத்தூள் தண்ணீரைப் பிடித்து வைக்கிற சாமான், கிழங்கின்மேல் நேரே போடாதே, காய்ந்த இலைக்கு மேல் மெல்லிசாகப் போடு, ஓட்டுக்குக் கீழே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் குளிர்காலம் எங்கள் எண்ணத்துக்கு நல்ல சோதனையாக அமைந்தது. 2022 ஒக்டோபரிலிருந்து 2024 மார்ச் வரையான 18 மாதம் இங்கிலாந்தில் பதிவானதிலேயே மழை கூடின 18 மாதம். 2024 பெப்ரவரி அங்கே பதிவானதிலேயே வெதுவெதுப்பான பெப்ரவரி. குளிரால் சாகிற செடி என்றால் அந்த வருடம் கவலையே இல்லை. ஈரத்தால் சாகிற கிழங்கு என்றால் அதைவிட மோசமான வருடம் கிடைக்காது. அவளுடைய தெருவில் இன்னொரு வீட்டிலும் கல்வாழை உண்டு, தோட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில் ஒன்றும் மூடாமல் விட்டிருந்தார்கள். அது வரவில்லை.

ஏப்ரல் முழுக்க அவளைக் கிளறாமல் வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. தோண்டாமல் வெளியில் மண்ணிலேயே விட்ட கல்வாழை தாமதமாகத்தான் எழும்பும். மார்ச்சில் வீட்டுக்குள் சாடியில் முளைக்கவைத்தது ஜூலையில் பூத்தால், இது ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகும். அந்தக் குறை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தோண்டாத கிழங்கு வருடம் வருடம் பருத்து, பல தண்டுகளாகக் கூட்டமாக வரும். மே 20ஐ ஒட்டி ஒரு காலை ஓட்டை விலக்கினாள். மூன்று குருத்து. இரண்டைத் தோட்டத்து நத்தை இரவே தின்றுவிட்டது. மூன்றாவதுக்குச் சுற்றிச் செப்பு நாடா கட்டினாள். தின்றதற்குப் பக்கத்தில் வேறு குருத்துகள் வந்தன. செப்டெம்பர் முதல் வாரம் செம்மஞ்சள் பூ.

பூத்த அன்று வீடியோ அழைப்பில் அவள் ஒரு பூவை எனக்கு முன்னால் பிரித்துக் காட்டினாள், கேசரத்தை, ஒடுங்கின மூன்று இதழை. நான் இங்கே அம்மாவின் சிவப்பில் ஒன்றைப் பறித்துவந்து பக்கத்தில் பிடித்தேன். அவளுடையது என்னுடையதை விட இரண்டு மடங்கு அகலம்.

2024 நவம்பர் முதல் கிழமை குரல்பதிவு வரவில்லை. இரண்டாம் கிழமை ஒரு படம் மட்டும் வந்தது: சுவரோரம், மேடு, மடித்துப் போட்ட கறுத்த இலை, அதன்மேல் சாய்த்து வைத்த நாலு ஓடு. ஓட்டின் மேல்பக்கம் மழையில் நனைந்து மினுங்குகிறது. கீழே மண் வெளிர் நிறத்தில் காய்ந்து கிடக்கிறது. இங்கே அதே நேரம் கான் நிரம்பி, என் கல்வாழை கணுக்கால் தண்ணீரில் நின்றது.